சுடாத கால்

வலது கால் எங்கே என்று கேட்காதவர்கள் திருத்தணியில் யாரும் மிச்சமில்லை. கடைக்குத் துணி கொண்டு வருகிறவர்கள் அளவு கொடுப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுதி வைக்கிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் படித்து, தெரியாதவர்களுக்குச் சொல்லட்டும். நான் தையல்காரன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், தையல் நேராகத்தான் இருக்கும்.

யுத்தத்தில் பட்டணத்தில் குண்டு விழும் என்று பயந்து மூட்டை முடிச்சோடு நம் ஊருக்கு ஓடிவந்த ஜனங்கள் எல்லாரும் திரும்பிப் போன பிறகு வந்த வருஷம் அது. எனக்கு முப்பத்தொன்பது வயது. பஜார் தெருவில் கடை, ஒரு மிஷின். பட்டாளத்துக்குக் காக்கிச் சட்டை தைக்கும் வேலை ஓயாமல் வந்துகொண்டிருந்தது. உட்கார்ந்தே இருந்ததால் உடம்பு பெருத்திருந்தது. இனிப்பென்றால் எனக்கு உயிர். மலைக்குப் போய்ப் பஞ்சாமிர்தம் வாங்கினால் வீட்டுக்கு வெறும் தொன்னைதான் வந்து சேரும் என்று என் மனைவி கன்னியம்மா கிண்டல் செய்வாள்.

திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு அந்த வருஷமும் காப்புக் கட்டிக்கொண்டேன். மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டியதிலிருந்து பத்து நாள் விரதம். ஒரு வேளைச் சோறு, கோயிலிலேயே படுக்கை. முன்பு இரண்டு முறை மிதித்திருக்கிறேன். அப்போதெல்லாம் சுட்டது, பொய் சொல்ல மாட்டேன், ஓடித்தான் கடந்தேன். இந்தத் தடவை சுடவே இல்லை. மற்றவர்கள் குதித்துக்கொண்டு ஓட, நான் நடந்து போனேன். குழியின் நடுவில் நின்று அம்மன் இருந்த பக்கம் திரும்பி ஒரு கும்பிடு வேறு போட்டேன். கரை ஏறியதும் மளிகைக்கடை துரைசாமி என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிற பெரிய மனிதர் அவர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கப்புறம் ஒரு வாரம் நான் பேசிய பேச்சை நினைத்தால் இன்றைக்கும் காது கூசுகிறது. மனசு சுத்தமாக இருந்தால் தீ என்ன, இடி விழுந்தாலும் ஒன்றும் செய்யாது என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்தேன். மூன்றாம் நாளே உள்ளங்காலில் கொப்புளம் உடைந்திருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். தீ மிதித்தவனுக்குக் கால் வெந்தால் அவன் விரதத்தில் ஏதோ குறை என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அவன் பெண்டாட்டி வீட்டில் சுத்தம் பார்க்கவில்லை என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். அதனால் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, முள் குத்திவிட்டது என்று கன்னியம்மாவிடமே பொய் சொன்னேன். வலி இல்லை. வலிக்காத புண் என்ன பெரிய புண் என்று அதே காலால் மிஷினை மிதித்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் கன்னியம்மா கடைக்குச் சோறு கொண்டு வந்தாள். உள்ளே நுழைந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாங்க இது, எலி கிலி செத்துக் கெடக்குதா?"

வெட்டுத் துணிக் குவியலைப் புரட்டினாள். மிஷினுக்கு அடியில் குனிந்து தேடினாள். தேடிக்கொண்டே வந்தவள் என் காலுக்கு அருகில் அப்படியே நின்றுவிட்டாள். அவள் துணியை அவிழ்த்தபோது நான் தடுக்கவில்லை. கட்டை விரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. அவள் கத்தவில்லை. துணியை மறுபடி சுற்றிக் கட்டினாள்.

அம்மையார்குப்பத்தில் தறி போடுகிற என் அக்கா புருஷனுக்கு ஆள் அனுப்பினாள். பாவா மாட்டு வண்டியோடு வந்து என்னை ஊர் வைத்தியசாலைக்கு ஏற்றிப்போனார். அங்கே இருந்த டாக்டர் என் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னை மேலே உத்தரத்தைப் பார்க்கச் சொன்னார்.

"ஊசியால குத்தப் போறேன். வலிச்சா சொல்லு."

"குத்துங்க டாக்டர். நான் டைலருங்க, ஊசிக்கு எதுக்குப் பயம்?"

"குத்தியாச்சே. பாதி ஊசி உள்ள இருக்குது."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். என் பாதத்தில் ஊசி நின்றுகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிறவன் நான், விரல் நுனியில் ஊசி பட்டால் அது எத்தனாம் நம்பர் ஊசி என்று சொல்லுவேன். அந்த ஊசி எனக்குத் தெரியவில்லை. தீயும் இப்படித்தான் தெரியாமல் போயிருக்கிறது என்பது அந்த நிமிஷத்தில் புரிந்துவிட்டது. அம்மன் அருள் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது செத்துப்போன காலைப் பற்றி.

டாக்டர் என் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்து விளக்கில் காய்ச்சினார். நீலமாகவே இருந்தால் நல்லது, பச்சையானால் கொஞ்சம் சர்க்கரை, மஞ்சளானால் அதிகம், செங்கல் நிறமானால் ரொம்ப அதிகம் என்றார். என்னுடையது செங்கல். நீரிழிவு என்று பேர். ரத்தத்தில் சர்க்கரை தங்கிப் போய், காலுக்குப் போகிற நரம்பை மெல்ல மெல்லக் கெடுத்துவிடும். உணர்ச்சி போய்விடும், புண்ணும் ஆறாது. ரொம்ப நாளாக இருந்திருக்க வேண்டும் என்றார். அடிக்கடி தாகம் எடுத்ததும், பாதம் மரத்திருந்ததும் எனக்கு வேலைக் களைப்பாகத் தெரிந்திருந்தது. "உடனே பட்டணத்துக்குப் போ" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

போகும் முன் கன்னியம்மாவிடம் ஒரு சத்தியம் வாங்கினேன். ஊரில் யாருக்கும் சொல்லக் கூடாது. சரக்கு எடுக்கப் போயிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவள் எங்கள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அந்தச் சத்தியம் எவ்வளவு கனமானது என்று அப்போது எனக்குத் தெரியாது.

பாவாவும் நானும் அரக்கோணத்தில் வண்டி மாறி, சிப்பாய்கள் நிறைந்த ரயிலில் கதவோரம் உட்கார்ந்து போனோம். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காலை எட்டு மணியிலிருந்து பெஞ்சில் காத்திருந்தோம். பேர் கூப்பிடும்போதெல்லாம் பாவா எழுந்து எழுந்து உட்கார்ந்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு என் பேர் வந்தது. அழுகல் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, முழங்காலுக்குக் கீழே எடுத்தால் உயிர் தங்கும் என்று பெரிய டாக்டர் சொன்னார். தயிர் எடுத்து வா என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பாவா என் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீதாம்பா சொல்லணும் மச்சான்" என்றார். நான் கடையில் வெட்டாமல் கிடக்கிற காக்கித் துணியைப் பற்றி ஏதோ உளறினேனாம். அவர் பின்னால் சொன்னார்.

மூக்கில் துணிக் கூம்பை வைத்து, மயக்கம் வர ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். எண்ணச் சொன்னார்கள். பதினொன்று வரை நினைவிருக்கிறது.

விழித்தபோது போர்வையின் மேடு வலது பக்கம் சீக்கிரம் முடிந்துபோயிருந்தது. பாவா இரண்டு நாள் இருந்தார். தறி சும்மா கிடக்கும், போங்கள் என்று நான்தான் விரட்டினேன். போகும்போது அவரே நெய்த துண்டை மடித்து என் தலைக்கடியில் வைத்தார். ஆஸ்பத்திரித் தலையணை கல் மாதிரி இருக்கிறது என்றார். அதில் கஞ்சி வாசனையும் அவர் வீட்டுப் புகை வாசனையும் இருந்தன. பத்து நாள் அதைத் துவைக்க விடவில்லை.

மூன்றாம் நாள்தான் அது ஆரம்பித்தது. இல்லாத கால் சுட்டது.

உள்ளங்கால் எரிந்தது. கட்டை விரலுக்கு அடியில், கொப்புளம் உடைந்த அதே இடத்தில், தணல் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. போர்வையைத் தூக்கிப் பார்த்தால் அங்கே படுக்கைதான் இருந்தது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் பல்லைக் கடித்தேன். கடைசியில் டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காலுக்குப் போகும் நரம்பின் அறுந்த முனை இன்னும் தலைக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருக்கிறது, கால் போனது தலைக்குத் தெரியாது, பலருக்கும் இப்படி வரும், நாளாக நாளாகக் குறையும் என்றார். இருந்தபோது ஒன்றும் சொல்லாத கால், போன பிறகு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துச் சொல்லியது. சில சமயம் எரியாது, வெறுமனே மிஷின் மிதிக்கும். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். அது நின்றுவிடக் கூடாதே என்று படுத்துக் கிடப்பேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு மணி அடிப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் உள்ளே வருவார்கள். எல்லாக் கட்டில்களைச் சுற்றியும் ஆட்கள், தூக்குப் பாத்திரங்கள், பேச்சு. என் கட்டிலுக்கு யாரும் வர மாட்டார்கள், நானே வர வேண்டாம் என்று ஏற்பாடு செய்திருந்தேன். ஆறு மணி வரைக்கும் கண்ணை மூடித் தூங்குவதுபோலக் கிடப்பேன். ஒரு நாள் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த அம்மாள், "பாவம், தூங்குறாரு" என்று சொல்லி என் பெட்டிமேல் ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன். பழத்தை சிஸ்டர் எடுத்துக்கொண்டு போய்விட்டார், எனக்கு இனிப்பு ஆகாது.

சர்க்கரையை இறக்க இன்சுலின் ஊசி போட்டார்கள். தினமும் காலையில் கண்ணாடிக் குழாய் என்ன நிறம் என்று எட்டிப் பார்ப்பேன். செங்கல் மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகி, ஒரு மாசத்தில் நீலம் நிலைத்தது. காயமும் மூடியது. உடம்பு தேறிக்கொண்டு வந்தது, நான்தான் தேறவில்லை. கக்கத்துக் கட்டைகளைக் கொடுத்து நடக்கச் சொன்னபோது வார்டு நடுவில் விழுந்தேன். அதற்கப்புறம் கட்டிலை விட்டு இறங்க மறுத்தேன். தீக்குழி நடுவில் நின்று கும்பிட்டவன், சிமெண்டுத் தரையில் நாலடி நடக்கப் பயந்தேன்.

நான் டைலர் என்று தெரிந்து சிஸ்டர் ஒரு நாள் என்னைத் தள்ளுவண்டியில் வைத்துப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரிப் போர்வைகளும் தலையணை உறைகளும் தைக்கிற அறை அது. அதைப் பார்த்துக்கொண்ட ரெபேக்காள் அம்மாள் அதிகம் பேச மாட்டாள். ஒரு மிஷினைக் காட்டினாள். உட்கார்ந்து, கையால் சக்கரத்தைத் தள்ளி, இடது காலால் மிதித்தேன். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. நூல் அறுந்தது. மறுபடி கோத்தேன். மறுபடி பின்னால் சுற்றி, அடியில் நூல் குருவிக்கூடாகச் சிக்கிக்கொண்டது. முதல் நாள் மிஷினில் உட்காருகிறவர்கள் செய்கிற தப்பு. எத்தனை பேரை அதற்காகத் திட்டியிருக்கிறேன். "என்னைக் கொண்டு போய் விட்ருங்க" என்றேன். மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. மிஷின் மிதித்துக்கொண்டிருந்த அந்த இல்லாத காலும் நின்றுபோயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கன்னியம்மா வந்தாள். எந்த வார்டு என்று பாவா சொல்லியிருக்கிறார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். போர்வையின் மேடு முடிந்துபோகிற இடத்தைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து வெல்லம் போடாத கேழ்வரகு அடையை எடுத்து வைத்தாள்.

"துன்னுங்க. உப்புதான் போட்டேன்."

தின்றேன். அவள் தலையில் பூ இல்லை. அவள் பூ இல்லாமல் ரயில் ஏறுகிறவள் அல்ல.

"பூ இன்னாத்துக்கு வெக்கல?"

"பூக்காரி நம்ம வாசல்ல நிக்கறதில்லிங்க."

"ஏன்?"

அவள் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள், அவிழ்த்தாள், மறுபடி போட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. எனக்குக் கால் வெந்து எடுத்துவிட்ட சேதி எப்படியோ ஊருக்குப் போய்விட்டது. நான் பத்து நாள் கோயிலில் விரதம் இருந்தபோது அவள் வீட்டில் கருவாடு சமைத்தாள் என்று துரைசாமி தம் கடையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். அத்தனை பெரிய பக்தனுக்கு வேறு எப்படிக் கால் போகும்? கிணற்றடியில் பெண்கள் அவள் குடத்துக்கு வழி விடுவதில்லை.

"நீ சொல்ல வேண்டியதுதானே, வியாதின்னு?"

"நீங்கதானே யாருக்கும் சொல்லாதன்னீங்க." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் சொல்லலீங்க."

ரம்பம் பட்டபோது ஈதர் இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை. நான் தனியாகக் கிடக்கிறேன் என்று அழுதுகொண்டிருந்த நாட்களில், ஊர் நடுவில் அவள் என்னைவிடத் தனியாக இருந்திருக்கிறாள். என் பெருமைக்காக அவள் வாயைக் கட்டிவிட்டு வந்திருந்தேன்.

மறுநாள் காலை நானே சிஸ்டரைக் கூப்பிட்டுப் பின்கட்டுக்குப் போக வேண்டும் என்றேன். தள்ளுவண்டி வேண்டாம் என்றேன். வழியில் இரண்டு முறை விழுந்தேன், அது வேறு விஷயம். அன்றைக்கு நூல் ஒன்பது தடவை அறுந்தது. அதற்கடுத்த நாளும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு வாரம் போன பிறகு சக்கரம் பத்துச் சுற்று முன்பக்கமாகவே சுற்றியது. ரெபேக்காள் அம்மாள் ஒரு தலையணை உறையைத் தூக்கி என் முன்னால் போட்டாள். முடித்துக் கொடுத்தேன். தையலை விரலால் தடவிப் பார்த்து, "நாளைக்கு இருபது" என்றாள். அவ்வளவுதான் அவள் பாராட்டு. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தைரியம் வந்த பிறகு மிஷினில் உட்காரலாம் என்று காத்திருந்தால் இன்னும் அந்தக் கட்டிலில்தான் கிடப்பேன். உட்கார்ந்த பிறகு, அறுந்த நூலைக் கோக்கக் கோக்க, அது கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தீ மிதித்தபோது எனக்கு இருந்தது வேறு. அது மற்றவர்கள் பார்த்ததால் இருந்தது. இங்கே என்னைப் பார்க்க ஆளே இல்லை.

ஆவணி முடிவில் ஊருக்கு வந்தேன். பாவா கூண்டு வண்டி கொண்டு வந்திருந்தார். வேண்டாம் என்று ஸ்டேஷனிலிருந்து பட்டப்பகலில் கட்டைகளை ஊன்றி பஜார் தெரு வழியாக நடந்தேன். துரைசாமி கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் எழுந்து நின்று, "வாய்யா டைலரே" என்றார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டேன். அன்றைக்குக் கன்னியம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் கடைக்கு வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னேன். நீரிழிவு, நரம்பு, செங்கல் நிறம் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். "ஆங், ஆங்" என்றார்கள். வெளியே போனதும் அம்மன் கோபம் என்றார்கள். பூக்காரி வாசலில் நிற்கவில்லை.

மறு வருஷம் காப்புக் கட்டும் நாள் வந்தது. கோயில் முன்னால் நாற்பது ஆண்கள் ஈர வேட்டியோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். துரைசாமியும் அந்த வருஷம் மிதிப்பதாக வரிசையில் முதலில் இருந்தார். நான் கட்டைகளை ஊன்றிப் போனேன். பின்னால் கன்னியம்மா ஒரு செம்பில் வெந்நீரும் வெள்ளைத் துணியும் கொண்டு வந்தாள். என் சட்டைப் பையில் ஊசி டப்பா இருந்தது.

"போன வருஷம் என் கால சுடலன்னு கும்புட்டீங்க" என்றேன். "சுட்டுது. எனக்குத் தெரியல. கால் அதுக்கு முன்னாலயே செத்துப் போயிருந்திச்சி. அது வியாதி. கால் வெந்தத நான்தான் மறைச்சேன், இவகிட்டயும் மறைச்சேன். இவ ஊட்ல ஒரு கொறையும் வெக்கல. இவ மேல போட்ட பழிய எம்மேல போடுங்க."

பூசாரி கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"காப்புக் கட்றதுக்கு முன்னால ஒவ்வொருத்தரும் காலைக் காட்டுங்க. ஊசியால தொடறேன். வலிச்சா நல்ல காலு. போய் மிதிங்க."

கொஞ்சம் பேர் முணுமுணுத்தார்கள். அப்புறம் வரிசைக் கடைசியில் யாரோ சிரித்து, "குத்து டைலரே" என்று காலை நீட்டினான். குத்தினேன். "ஐயோ" என்று துள்ளினான். எல்லாரும் சிரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஊசியைக் கன்னியம்மா வெந்நீரில் முக்கித் துடைத்துக் கொடுத்தாள். வரிசை முழுக்கக் கத்தலும் சிரிப்புமாக இருந்தது. கடைசியில் துரைசாமியிடம் வந்தேன்.

"உம் வேடிக்கைய நானும் பாக்கறேன்யா" என்று காலை என் பக்கம் நீட்டி, முகத்தை மக்கள் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஆங், குத்து."

ஊசியிலிருந்து கையை எடுத்தேன்.

"குத்திட்டேங்க."

அவர் குனிந்து பார்த்தார். தம் பாதத்தில் நின்ற ஊசியைப் பார்த்தார். இன்னொரு காலை நீட்டினார். அதிலும் குத்தினேன். சிரிப்பு நின்றுவிட்டது. அவர் முகத்தில் அன்றைக்கு வைத்தியசாலையில் எனக்கு இருந்ததுதான் இருந்தது. அந்தப் பயம் எனக்குத் தெரியும், அதற்குத் துணையே கிடையாது.

கன்னியம்மாவைப் பார்த்தேன். ஒரு வருஷம் அவள் சேர்த்து வைத்த பேச்சு அத்தனையும் அப்போது பேசியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் கீழே உட்கார்ந்து, அவர் பாதத்தில் துளிர்த்திருந்த ரத்தத்தை வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்தாள்.

"பட்டணத்துக்கு ரயிலு காலைல ஆறு மணிக்குங்கண்ணா" என்றாள். "வெறும் வயித்தோட வாங்க, அங்க சோதிப்பாங்க. இவரு கூட வருவாரு."